அக்கா கடந்துபோன சாப்பாட்டுக் கடைகள்

அக்காவுக்கு வாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகியிருந்தது. என் மனைவி மகளின் பிரசவத்துக்காக பெங்களூர் போயிருந்தாள். கொட்டாரத்துக்குப் பக்கத்தில் அக்கா தனியாக இருந்த வீட்டுக்கு நான் பெட்டியோடு வந்து சேர்ந்தேன். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமான மூன்றாம் வருஷமே அத்தான் இறந்துபோனார். அதன் பிறகு இரணியலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை தினமும் பஸ்ஸில் போய்வந்தாள்.

திருவனந்தபுரத்தில் ஏழு வாரம் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். கட்டி சுருங்கியது. கூடவே எச்சில் வற்றியது, நாக்கில் ருசியும் போனது. "சீனியும் உப்பும் ஒண்ணுபோல இருக்குலே. மண்ணத் தின்னா எப்பிடி இருக்கும், அப்பிடி" என்றாள். நான் வைத்த குழைந்த சோற்றையும் பருப்பையும் இரண்டு வாய்க்கு மேல் தொடமாட்டாள். எடை குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் காலையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "வெளிய போய்த் திம்போம், வா."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்களுடையது சைவக் குடும்பம். வீட்டுப் பெண்கள் கடையேறிச் சாப்பிடுவது கிடையாது. அக்கா வேலைக்குப் போன காலம் முழுவதும் தூக்குவாளியில் தயிர்ச்சோறுதான் கொண்டுபோனாள். ஆனால் அவளுக்கு வழியிலிருந்த எல்லாக் கடைகளும் தெரிந்திருந்தன. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தே மனப்பாடம். எந்தக் கடையில் எத்தனை மணிக்கு வடை எண்ணெயில் விழும், எங்கே மத்தியானம் கஞ்சிக்குக் கூட்டம் நிற்கும் என்றெல்லாம் சொன்னாள்.

என் பழைய காரில் புறப்பட்டோம். முதலில் கொட்டாரத்திலேயே ஒரு சாயாக்கடை. ரசவடை வாங்கினேன். ஊறிய வடையில் நகத்தளவு கிள்ளி வாயில் போட்டு, வெகுநேரம் வைத்திருந்து, தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

"உனக்கு எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"நல்லா இருக்குன்னா? பரீச்சையில இப்பிடி எழுதினா அரை மார்க்குகூடப் போடமாட்டேன். என்ன ருசின்னு சொல்லு."

நான் மறுபடியும் கடித்துப் பார்த்தேன். ரசத்தில் மல்லி முன்னால் நிற்கிறது, பூண்டு பின்னால்தான் வருகிறது, வடையின் நடுவில் இன்னும் உப்பு சேரவில்லை என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு இன்னொரு நகத்தளவு கிள்ளினாள்.

அப்படித்தான் அடுத்த இரண்டு மாதமும் போயிற்று. வாரம் இரண்டு நாள் கிளம்புவோம். மயிலாடியில் கல் கொத்துகிறவர்கள், கையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து உட்காரும் கடையில் சம்பா அரிசிக் கஞ்சியும் காணம் என்கிற கொள்ளில் அரைத்த துவையலும். தக்கலை போகும் வழியில் ஏத்தன்பழ அப்பம். அவள் ஒரு கரண்டி கஞ்சித்தண்ணீர் குடிப்பாள். நான் முழுவதையும் தின்று சொல்வேன். நான் சதை போட்டேன். அவள் ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கவேண்டியிருந்தது.

இரணியலுக்கு அவள் கடைசியாகத்தான் கூட்டிப்போகச் சொன்னாள். அவள் பஸ்ஸுக்கு நின்ற இடத்துக்கு நேர் எதிரே ஓட்டுக்கூரை போட்ட கடை. மரச்சீனிக் கிழங்கும், அதாவது மரவள்ளியும், மீன்கறியும்தான் அங்கே பேர்போனது. நான் தயங்கினேன். "நீ வெளியூர்ல மீன் திங்கது எனக்குத் தெரியாதாக்கும்? உள்ள வா" என்றாள்.

கடைக்காரம்மா அக்காவை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "டீச்சர்லா? என்ன இப்பிடி மெலிஞ்சு போனீய? தெனம் அங்கன நிக்கதப் பாத்திருக்கேன். ஒரு நாளாவது உள்ள வந்தியளா?"

"ஒரு தடவ வந்திருக்கேன். அப்போ உங்க மாமியார் கல்லாவுல இருந்தாவ."

கடைக்காரம்மா கிழங்கு எடுக்க உள்ளே போனதும், "எப்போக்கா வந்த?" என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஒனக்கு நெனவில்லையா? நீதானலே லெட்டர் எழுதின."

எனக்கு நிஜமாகவே நினைவில்லை. அவள்தான் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மழை, பஸ் வரவில்லை, மத்தியானச் சோறு கெட்டுப்போயிருந்தது. பசி தாங்காமல் உள்ளே போய்க் கிழங்கு மட்டும் வாங்கித் தின்றிருக்கிறாள். சொந்தக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, சேலத்தில் வங்கி வேலையில் இருந்த எனக்குச் சொல்லியிருக்கிறார். தாலியறுத்தவள் மீன்கடையில் ஆண்களோடு உட்கார்ந்து தின்கிறாள் என்று ஊர் பேசுகிறது, இனி கேள்விப்பட்டால் வேலைக்குப் போகவேண்டாம் என்று நான் எழுதியிருக்கிறேன்.

அவள் சொல்லச் சொல்ல என் கையெழுத்து எனக்குத் தெரிந்தது. நீல இன்லண்ட் லெட்டர். சேலத்தில் மெஸ்ஸில் ஆட்டுக்கறி தின்றுவிட்டு வந்து அதை எழுதியிருப்பேன்.

"எக்கா..." என்றேன்.

"வேலைய விட்டா எங்க போவேன்? அதான் பொறவு ஏறல்ல. சாயந்தரம் பஸ்ஸுக்கு நிக்கும்போதெல்லாம் கறி கொதிக்க மணம் வரும். மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிடுவேன்."

வாழையிலையில் கிழங்கும் சாளை மீன் குழம்பும் வந்தன. "ஆறிரும். தின்னுட்டுச் சொல்லு" என்றாள். நான் தின்றேன். ருசி சொல்லாமல் அடுத்த கிழங்கைப் பிட்டேன். அவளும் வற்புறுத்தவில்லை. விரல் நுனியைக் குழம்பில் தொட்டு நாக்கில் வைத்தாள். புண்ணான வாயில் மிளகாய் பட்டதும் முகம் கோணிற்று, கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கடைக்காரம்மா ஓடிவந்து மோர் கொடுத்தார். "எரியுது" என்று மட்டும் சொன்னாள் அக்கா.

அடுத்த மாதம் கட்டி மறுபடியும் வந்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். பேச்சும் நின்றுபோனது. நோட்டில் எழுதிக் காட்டுவாள். நீ மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து சொல் என்று எழுதினாள். நான் போனேன். திரும்பி வந்து கட்டிலருகில் உட்கார்ந்து, என்ன தின்றேன், எப்படி இருந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒருநாள் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். கையை உயர்த்தி வேண்டாம் என்று சைகை காட்டினாள். மன்னித்ததாலா, கேட்கப் பிடிக்காததாலா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக நான் போய்வந்தது பூதப்பாண்டிப் பக்கம், உளுந்தங்கஞ்சிக்கு. தேங்காய்ப்பால், வெந்தயம், கருப்பட்டி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அக்கா நோட்டை இழுத்து, கோணலான எழுத்தில், "உப்பு?" என்று எழுதினாள்.

"ஒரு கல்லு போட்டிருக்காவக்கா. தெரியவே இல்ல" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான்காம் நாள் இறந்துபோனாள்.