சுவரில் இறங்கிய கோடுகள்

ஆஸ்பத்திரியின் பின்வார்டுச் சுவரில் பென்சிலால் கீறிய ஒன்பது கோடுகள் இருந்தன. பிள்ளைகளின் உயரத்தைக் குறிக்கும் கோடுகள் மேலே ஏறும். இவை கீழே இறங்கின. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், ஒரு கோல்கீப்பர் தலை சுற்றாமல் எவ்வளவு குனிகிறார் என்று காட்டியவை அவை. கீறச் சொன்னவர், காயங்களுக்கு மருந்து வைத்துக் கட்டும் எங்கள் டிரசர் ஐயா. கீறியவள் நான்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வார்டில் குறிப்பெழுதும் வேலை கிடைத்தபோது, என் கையெழுத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்றே நம்பினேன்.

கோல்கீப்பர் ஊரின் டத்தோ கிராமாட் பகுதியில் குடியிருந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். கால்பந்து ஆட்டத்தில் கோல் கம்பத்தில் தலை மோதி மயங்கி விழுந்தார். காயம் ஆறிய பிறகும் தலையைத் தாழ்த்தினால் அவருக்குத் தரை சுழன்றது. வேலைக்குப் போகும் வழியில் ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் காவல் நின்றான். கடப்பவர் எல்லாரும் இடுப்பை வளைத்து அவனை வணங்க வேண்டும். முதல் நாளே இவர் குனிந்து தள்ளாடினார். குடித்திருக்கிறார் என்று நினைத்து அவன் அறைந்தான். வாந்தியோடு வார்டுக்குத் திரும்பி வந்தார். “இன்னொரு அடியை இந்தத் தலை தாங்காது, பிள்ளை,” என்று டிரசர் ஐயா என்னிடம் தனியாகச் சொன்னார். வேலைக்குப் போகாவிட்டால் அவர் வீட்டில் அரிசி இல்லை.

வார்டிலேயே குனிந்து பழகலாம் என்று ஐயா சொன்னதும் கோல்கீப்பருக்கு ரோஷம் வந்தது. “பாய்ஞ்சு பந்து பிடிச்சவன்யா நான். அவனுக்குக் கும்பிடு போட பாடம் படிக்கணுமா?”

டிரசர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பழைய கட்டுத்துணியைப் பந்தாக உருட்டி அலமாரித் தட்டில் வைத்தார். “அவனை விடும். பந்தை எடும். கெதியா வேண்டாம், மெல்ல.” தட்டிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து அதைவிடத் தாழ்ந்த பெட்டிக்கு, பிறகு நாற்காலிக்கு என்று நாளுக்கு நாள் பந்து இறங்கியது. கூடவே என் கோடும்.

ஏழாம் கோட்டில், “சுத்துதா அண்ணே?” என்று கேட்டேன்.

“ஒன்னும் இல்ல லா மிஸ்ஸி. எழுதுங்க.”

எழுதினேன். டிரசர் ஐயா வந்து ஒரு முறை பார்த்துவிட்டு இரண்டு கோடுகளை அழித்தார். “பந்தடிக்கிறவர் சுத்துதெண்டு சொல்லுவாரோ? வாயைக் கேளாதையும். கால்விரலைப் பாரும்.” பார்த்தேன். விரல்கள் சிமெண்டுத் தரையைக் கவ்வியிருந்தன. என் குறிப்பை நானே அடித்தேன். அதை நம்பி அனுப்பியிருந்தால் அவர் அடி வாங்கியிருப்பார். ஐந்தாம் கோட்டிலிருந்து மறுபடி இறங்கினோம்.

ஒன்பதாம் கோடு நாற்காலி உயரம். வணக்கத்துக்கு அது போதும். மறுநாள் காலை டிரசர் ஐயா கோல்கீப்பருக்கு முன்னால் நடந்தார், நான் பின்னால். அந்தச் சிப்பாயின் முன் ஐயாவே முதலில் குனிந்தார். தம் வழக்கத்தை விட எவ்வளவோ மெதுவாக, பெரிய மரியாதை செய்பவரைப் போல. அதே மெதுவில் கோல்கீப்பர் குனிந்தார், நானும் குனிந்தேன். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். தாழ்ந்த என் பார்வைக்கு நேரே கோல்கீப்பரின் வெறுங்கால்கள். விரல்கள் தளர்ந்து கிடந்தன. போகச் சொல்லி அவன் கையை வீசினான்.

இப்போது அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். சென்ற வாரம் திடலில் ஆட்டம். கோல்கீப்பர் வெறுங்காலோடு கம்பங்களுக்கு நடுவே நின்றார். பந்து தரையோடு உருண்டு வந்தது. கூட்டம் பந்தைப் பார்த்தது. எதிர்ப்புறம் குடையோடு நின்ற டிரசர் ஐயா எங்கே பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் பார்த்தேன். ஒன்பதாம் கோட்டுக்கும் கீழே, புல் வரை குனிந்து, கோல்கீப்பர் பந்தை அள்ளினார்.