பத்துக்கு மூன்று

இன்றும் ஒரு மைக்ராஸ்கோப்பைப் பார்த்தால், அதன்மேல் குனிந்திருக்கும் அக்காவின் முதுகுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. தி. நகரில், துணிக்கடைகளின் இரைச்சல் எட்டும் ஒரு சந்தில் இருந்தது நாங்கள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையம். அக்கா சாந்தோம்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்த டெக்னீஷியன். கண்ணாடி ஸ்லைடில் தடவிய ரத்தத்தை ஒரு நிமிடம் பார்த்தால் என்ன நோயென்று பிடித்துவிடுவார். அடுத்த அரைமணி நேரம், பிடித்தது சரிதானா என்று பார்ப்பார். பிறகு, "தம்பி, நீ ஒரு தடவ பாத்து சொல்லேன்பா" என்று என்னைக் கூப்பிடுவார்.

நான் குனிவேன், மனதுக்குள் மூன்று வரை எண்ணுவேன், "கரெக்ட்டுக்கா" என்பேன். கண் மைக்ராஸ்கோப்பில் இருக்கும். மனம் எதிர்க்கடை மிளகாய் பஜ்ஜியில். அக்காவுக்கு அதுவே போதும். மாலையில் கதவைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போவார். பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். நானோ சந்தேகம் என்பதே அடுத்தவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தவன்.

ஒரு மழைக்காலத்தில், நான்கு நாள் காய்ச்சலோடு வந்த பெரியவர் ஒருவரின் ஸ்லைடைப் பார்த்துவிட்டு அக்கா கூப்பிட்டார். "மலேரியா மாதிரி தெரியுதுப்பா. என் கண்ணுதான் சரியில்லையோ?" அன்று நான் உண்மையாகவே பார்த்தேன். "அது ஸ்லைடுக்குச் சாயம் போட்டப்ப ஒட்டுன துகள்கா, சும்மா பயப்படாதீங்க" என்றேன். அக்கா எழுதியிருந்ததை அடித்து, 'இல்லை' என்று மாற்றினார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வந்த எங்கள் நிலையத்து டாக்டர், அடித்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தானே குனிந்தார். மலேரியாவேதான். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் பெரியவர் கதி என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

டாக்டர் திட்டவில்லை. மறுநாள் ஒரு நோட்டோடு வந்தார். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நாங்கள் இருவரும் தனித்தனியாக முடிவை எழுத வேண்டும். அது சரியென்று எவ்வளவு நம்புகிறோம் என்று பக்கத்தில் பத்துக்கு மார்க் போட வேண்டும். நான் பத்து போட்டேன். சில நாள் பதினொன்று போடக் கை துறுதுறுத்தது. அக்கா மூன்று போட்டார். சில ஸ்லைடுக்குக் கொஞ்சம் யோசித்து அதையும் இரண்டாக்கினார்.

மாதக் கடைசியில் டாக்டர், தானும் பார்த்து நோட்டில் எழுதிவைத்த முடிவுகளோடு ஒப்பிட்டு எண்ணிச் சொன்னார். அக்காவிடம் ஒரு தப்பும் இல்லை, என்னிடம் ஏழு. அக்காவின் முகம் வெளிறியது. "டாக்டர், நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க" என்று நோட்டை வாங்கி எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்தபோது என் தப்பு எட்டாகியிருந்தது.

"உங்க கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. அது சொல்றத மனசுதான் நம்ப மாட்டேங்குது. பதட்டம் அதிகமானா அப்படி ஆகும். அதுக்கு வேற டாக்டர் இருக்காங்க" என்றார் டாக்டர். அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தார். தூக்கமில்லை, ஓயாத படபடப்பு; வேலையை விட்டுவிடக் கடிதம்கூட எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறாராம். அது சரியாக எழுதியிருக்கிறதா என்ற சந்தேகத்தில்தான் இன்னும் கொடுக்கவில்லையாம்.

அடையாற்றில் ஒரு மனநல மருத்துவரிடம் அக்காவுக்குத் துணையாகப் போனேன். வெளியே காத்திருக்கும்போதும், "நெஜமாவே எனக்குப் பதட்டந்தானா, இல்ல நானா நெனச்சுக்கறேனா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னையும் உள்ளே கூட்டிப்போனார். அந்த டாக்டரம்மா, "சந்தேகமே இல்லாம உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

அக்கா என்னைக் காட்டினார். "இவன் பாக்காமலே கரெக்ட்டுன்னு சொல்லுவான். அது நல்லாத் தெரியும் டாக்டர்."

உட்கார்ந்திருந்த நாற்காலி சுட்டது. "அப்புறம் ஏன்கா என்னைக் கேட்டீங்க?"

"யாராச்சும் சரின்னு சொன்னா பத்து நிமிஷம் நெஞ்சு அடங்கும்பா. அதுக்குத்தான்."

இத்தனை நாளும் அதை என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நம்பியிருந்தேன்.

மாத்திரையும் பேச்சுமாகப் பல மாதங்கள் போயின. அக்காவின் மூன்று மெல்ல ஆறுக்கு ஏறியது; என் பத்து, வெட்கப்பட்டுக்கொண்டே ஏழுக்கு இறங்கியது. ஒருநாள் அக்கா ஒரு ஸ்லைடைப் பார்த்தார், எழுதினார், அடுத்ததை எடுத்துவிட்டார். கூப்பிடுவார் என்று காத்திருந்த எனக்கு என்னவோ போலிருந்தது. நானே போய் நின்றேன். "அக்கா, நான் ஒரு தடவ பாக்கட்டுமா?"

"வேணாம்பா. நீ பாத்தத எடுத்துட்டு வா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே நிமிடம் குனிந்து பார்த்தார். "தப்புப்பா" என்றார், கொஞ்சமும் தயங்காமல்.