இருபது நிமிஷமும் நாலு ஜெபமும்

ஆண்டவரை நம்பியிருக்கும் சகோதர சகோதரிகளே, நான் செய்த ஒரு தப்பையும், அதிலிருந்து அவர் என்னைத் தூக்கிவிட்டதையும் சொல்லவே உங்கள் முன் நிற்கிறேன். இரண்டு நாள் நான் உயிரோடு செத்தேன்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், இடவப்பாதி மழைக்காலம். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் வந்து, ஆரியசாலையில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் ஒழுங்காகப் படித்தால் பெரிய ஆஸ்பத்திரி வேலைக்குக் கடிதம் தருவதாக டாக்டர் சொல்லியிருந்தார். குறடு, ஊசி எல்லாவற்றையும் தண்ணீர் கொதித்த பிறகு இருபது நிமிஷம் கொதிக்க விட வேண்டும். அதுதான் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

சுவர்க் கடிகாரம் பழுதுபார்க்கப் போயிருந்தது. "என்கிட்டே மணி கேட்டுக் கேட்டுச் செய்" என்றார் டாக்டர். எனக்குத்தான் தலைக்கனமாயிற்றே! எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஒப்புக்கொடுப்போம். கடிகாரம் இருந்த நாளில் பார்த்திருக்கிறேன், நாலு தடவை சொன்னால் சரியாக இருபது நிமிஷம். பக்தியும் ஆச்சு, வேலையும் ஆச்சு என்று பெருமைப்பட்டேன்.

அன்று காலை மழை விட்டதும் ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள்.

"ஆச்சா பாக்கியம்? ஆளு காத்திருக்கு, கேட்டியா?" என்று டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜெபம் மட்டும் ஓடியது. மாமாமாரை ஒரே மூச்சில் முடித்தேன். தூரத்துச் சொந்தங்களை "மற்ற எல்லாரும்" என்று மொத்தமாகக் கட்டினேன். மூன்றாவது தடவை பாதியிலேயே குறடுகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், மளிகைக் கடைக்காரர் மனைவி பகவதியம்மாளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். ஆட்கள் குவிந்த அந்தக் காலையில் நாங்கள் கடைவாய்ப் பல் எடுத்தவர். தாடை வீங்கி, வாய் திறக்க முடியாமல், காய்ச்சலில் உடம்பு கொதித்தது. டாக்டர் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? "ஆண்டவரே, இது என்னால் வந்ததாக இருக்கக் கூடாது." சாலைக் கடைத்தெருவில் மேலும் கீழும் நடந்தேன். கோயிலில் முழங்கால் போட்டால் தண்ணீர் கொதிக்கும் சத்தம்தான் காதில் கேட்டது. இரண்டாம் நாள் ஜெபத்தை மாற்றினேன். "என்னை விடும். அந்த அம்மாளைக் காப்பாற்றும்." அவ்வளவுதான் சொன்னேன். எழுந்தபோது கால் நேரே டாக்டரிடம் போயிற்று.

"ஸார், அன்னைக்கு நான் இருபது நிமிஷம் கொதிக்க விடல்ல. பாதியிலே எடுத்துட்டேன்."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் வெளுத்தது.

"அப்போ எடுத்த குறடுகள வச்சு வேற யாருக்குப் பல்லெடுத்தோம்?"

"கிழக்கேகோட்டை வாத்தியார் ஸாருக்கு."

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அக்கிரகாரத்து வீட்டில் வாத்தியார் கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உப்பு ஜலம் கொப்பளிச்சா சரியாப் போயிடும்னு இருந்தேன். இதுக்குப் போயி உங்களை ஏன் தொந்தரவு பண்ணணும்?" என்றார். அதைச் சொல்லவே அவருக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. அங்கேயே பென்சிலின் ஊசி போட்டார் டாக்டர்.

தெருவில் வரும்போது சொன்னார்: "உன்னாலதானோ இல்லையோ, எனக்கு நிச்சயமில்ல. ஆனா நாளை வரை விட்டிருந்தா கழுத்துக்கு இறங்கியிருக்கும். நீ சொன்னதால ஆளு தப்பிச்சாரு." நான் வாத்தியாரை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, அவருக்காக ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. ஆண்டவர் நினைத்திருந்தார். நடுத்தெருவில் நின்று அழுதேன்.

பகவதியம்மாளுக்கும் காய்ச்சல் இறங்கியது. அவரிடமும் போய்ச் சொன்னேன். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"உனக்க ஜெபத்துல என் பேரையும் சேத்துக்கோ. ஓடிச் சொல்லிராதே, கேட்டியா?"

ஒரு மாதம் டாக்டர் என்னைக் குறடு தொட விடவில்லை. எச்சில் கிண்ணம் கழுவினேன். பிறகு கடிகாரம் வந்தது, கடிதமும் கிடைத்தது. இன்று ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். தண்ணீர் கொதிக்கும்போது நான் ஜெபிப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறேன். வீட்டுக்குப் போய்த்தான் ஜெபம். அதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று இப்போது எனக்குத் தெரியாது.

யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு இங்கே யாராவது உட்கார்ந்திருந்தால், இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். நமக்குத் தெரியாத வீட்டில் யாரோ கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு காத்திருக்கலாம். நம்மை அங்கே கொண்டுபோகிறவர் ஆண்டவர். என் ஜெபத்துக்கு உங்கள் பேரையும் தாருங்கள். மெதுவாகவே சொல்லுகிறேன்.