பூபாலன் வீட்டுச் சோறு

அன்புசெல்வி எந்தப் பனியனையும் முதலில் வெளிப்புறம் பார்ப்பதில்லை. கையை உள்ளே விட்டுப் புரட்டி, தோள் தையல், கழுத்துத் தையல், அடி மடிப்பு என்று விரலாலேயே தடவிக்கொண்டு போவாள். ஊசி போட்ட ஓட்டை கடுகளவு இருந்தாலும் பீஸ் ஒதுங்கிவிடும். "வெளிய எல்லாப் பீசும் நல்லாத்தானுங்க இருக்கும்" என்பாள். வீரபாண்டிப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடமாகச் செக்கிங் வேலை. டெய்லர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது.

பூபாலனுக்குப் பிடிபடாததும் அதுதான். கடுகளவு ஓட்டையை விடாதவள், தன்னை எப்படி விட்டாள்?

டெம்போவில் வரும் வெட்டிய துணிக்கட்டுகளை அந்தக் கம்பெனியில் சுமந்து இறக்குகிறவன் அவன். முன்பு டிரைவர். இரண்டு வருடத்துக்கு முன் அவன் ஓட்டிய வேன் மோதித்தான் அன்புசெல்வியின் ஒரே மகள் கவிப்பிரியா பஸ் ஸ்டாப்பில் செத்துப்போனாள். பத்தொன்பது வயது. பெண் குறுக்கே ஓடி வந்துவிட்டாள் என்று போலீசில் சொன்னான். கேஸ் இன்னும் நடக்கிறது.

முதல் வருடம் அவனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் திடீரென்று, "சாப்டீங்களா தம்பி?" என்றாள். அன்றைக்குப் போன நிம்மதி திரும்பவே இல்லை. டீ டைமில் தன் பன்னில் பாதியைப் பிய்த்து நீட்டுவாள். வாங்கிக்கொள்வான். அவள் தலை மறைந்ததும் நாய்க்குப் போட்டுவிட்டு, நாய் நன்றாக இருக்கிறதா என்று கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்?

"உம்பட வாயக் கெளறத்தான் வர்றா. கோர்ட்டுல சொல்றதுக்கு வேணுமில்ல?" என்று காதைக் கடித்தாள் மடிப்பு வேலை பார்க்கும் வேலாத்தாள். அவனுக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டான்.

"ஏனுங்க்கா, எங்கிட்ட என்னதான் வேணும் உங்களுக்கு?"

அவள் கை வேலையை நிறுத்தவில்லை. "சர்ச்சுல பரமண்டல ஜெபம் சொல்லுவோமுங்க. அதுல 'எங்களுக்குத் தப்புப் பண்ணுனவங்கள நாங்க மன்னிக்கற மாதிரி'ன்னு ஒரு வரி வரும், அங்க எனக்கு வாய் நின்னுபோகும். ஒரு வருசம் அந்த வரிய முழுங்கிட்டுத்தான் ஆமென் சொன்னேன். ஏசப்பாவ எத்தன நாளைக்குங்க ஏமாத்தறது?" அடுத்த பீஸை எடுத்தாள். "கேசு அது பாட்டுக்கு நடக்கட்டும். உங்க மேல வெறுப்பு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதானாம்! பெற்ற வயிறு அப்படிச் சொல்லுமா? பூபாலன் நம்பவில்லை.

சந்தேகம் முற்றிப்போய் அவனே ஒரு காரியம் செய்தான். "ஞாயித்துக்கெழம எங்கூட்டுல வந்து கை நனைக்கிறீங்களா?" என்று கேட்டான். ஒரு சாவால் பகை விழுந்த வீட்டில் அந்தப் பக்கத்தார் சாப்பிட மாட்டார்கள், தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். வரமாட்டாள், சாயம் வெளுத்துவிடும் என்று கணக்குப் போட்டான்.

வந்தாள். சர்ச் முடிந்து, பைபிள் வைத்த பையோடு நேராக வந்து நின்றாள்.

"உக்காருங்க அம்முணி" என்றாள் பூபாலனின் அம்மா பொன்னாத்தாள். இலை போட்டுச் சோறும் பருப்பும் வைத்தாள். அன்புசெல்வி கை கழுவி, கண்ணை மூடி ஜெபித்துவிட்டுப் பிசையத் தொடங்கினாள்.

பூபாலனுக்குப் பொறுக்கவில்லை. இவள் நிஜ முகம் இப்போதே தெரியட்டும் என்று எதிரே வந்து உட்கார்ந்தான்.

"பாப்பா குறுக்க வர்லீங்க. ஓரமாத்தான் நின்னுட்டிருந்துச்சு. நான்தான் போனப் பாத்துட்டே ஓட்டுனேன்."

பொன்னாத்தாள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அன்புசெல்வி அவனையே பார்த்தாள். கண்ணீர் தாடைவரை இறங்கியது, துடைக்கவில்லை. உருட்டிய சோறு விரல் நடுக்கத்தில் இலையில் சிதறியது. மறுபடி கூட்டி உருட்டினாள். நடுக்கம் நிற்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சோற்றை வாயில் வைத்தாள்.