பாம்புக்குச் செமிக்கும் வரை

டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்யும் சமையலறையில் வின்சன்டுக்குப் பதினாலு வருட வேலை. கோழித்துண்டுக்குள் வெப்பமானியைக் குத்திப் பார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகாது. மனைவி றோசலின் அவித்த புட்டைக் குத்திப் பார்த்துப் பேச்சு வாங்கியவர்.

2006 புரட்டாதியில் மகள் எலிசா ஆறு வாரப் பயிற்சிக்காகக் கல்கரிக்குப் போனபோது தன் பாம்புக்குட்டியைக் கண்ணாடிப் பெட்டியோடு அவரிடம் விட்டுப்போனாள். பென்சில் பருமன், செம்மஞ்சள் நிறம், விஷமில்லாதது. கிழமைக்கு ஒரு எலிக்குஞ்சு, குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இளஞ்சூடாக்கிக் கொடுக்கவேண்டும்.

கொடுத்தார். விழுங்கியது. வயிற்றில் தெரிந்த முடிச்சைப் பார்த்த றோசலின், "சாப்பிட்ட பிள்ளையை அப்பிடியே படுக்க விடுறதோ?" என்று தோளில் துவாயைப் போட்டு, அதன் மேல் பாம்பைச் சாத்தி முதுகைத் தட்டினாள். ஏவறை வரவில்லை. எலி வந்தது.

வெறும் வயிற்றோடு கிடக்கிறதே என்று அடுத்த நாளே பெரிய எலியாகக் கொடுத்தார்கள். அதுவும் வெளியே வந்தது.

வின்சன்ட் பாம்பு வாங்கிய கடைக்குத் தொலைபேசி எடுத்தார். இரண்டு கிழமைக்கு ஒன்றும் கொடுக்காதே, பிறகு ஆகச் சிறிய குஞ்சாகக் கொடு என்றார் கடைக்காரர். ஜன்னலோரக் குளிர் ஆகாது. பெட்டியின் ஒரு பக்கம் முப்பது பாகை, மறுபக்கம் குளிர்ச்சி, ஒளிய ஒரு மறைவு வேண்டும். தின்றபின் இரண்டு நாள் தொடவோ குலுக்கவோ கூடாது. மூன்றாம் முறையும் கக்கினால் பிழைப்பது கடினம்.

வின்சன்ட் பெட்டியை வரவேற்பறை மூலைக்கு மாற்றி, அடியில் சூட்டுத்தகடு வைத்து, காலையும் மாலையும் வெப்பம் எழுதினார். பதினைந்தாம் நாள், புதன்கிழமை, பாம்பு விழுங்கிய பிறகுதான் றோசலின் கலண்டரைப் பார்த்தாள். ஐப்பசிச் செபமாலைக்கு வீடு வீடாகப் போகும் மாதா சுரூபம் அன்று பின்னேரம் அவர்கள் வீட்டுக்கு வரவேண்டும்.

இருபத்துமூன்று பேர் படியேறி வந்தார்கள். முன்னால் சுரூபத்தோடு அருமைராசா. அவர் பாடினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

வின்சன்ட் வாசலில் மறித்தார். "அண்ணை, மெதுவா வாங்கோ. பாம்பு இப்பதான் சாப்பிட்டது."

"மாதா காலால மிதிக்கிறதே பாம்பைத்தான், தம்பி. அதுக்கு நாங்கள் மெதுவா நடக்கிறதோ?"

"அது சீமெந்துப் பாம்பு, அண்ணை. அதுக்குச் செமிக்கத் தேவையில்லை."

"எனக்கும் மூண்டு நாளாச் செமிக்கேல்லை," என்றாள் பின்னால் நின்ற நல்லம்மா. "ஒருத்தரும் கேக்கேல்லை."

ஆனாலும் எல்லாரும் நுனிக்காலில் நடந்தார்கள். செபமாலையைக் குசுகுசுத்தார்கள். அருமைராசாவுக்குத் தும்மல் வந்தபோது நாலு பேர் அவர் மூக்கைப் பொத்தினார்கள். கடைசிப் பாட்டை வாய் திறக்காமல் முனகினார்கள். அவ்வளவு நேரமும் வின்சன்டின் கண் முடிச்சின் மேலேயே இருந்தது. செபம் முடியும்போது அது அரை விரற்கடை இறங்கியிருந்தது.

வியாழனும் வெள்ளியும் சனியும் சுரூபம் போன வீடுகளிலிருந்து அழைப்பு வந்தது.

"உள்ளுக்க நிக்குதோ?"

"நிக்குது."

ஞாயிறு பூசை முடிந்ததும், சுவாமியார் பக்கத்தில் நிற்கும்போதே அருமைராசா கேட்டார். "தம்பி, போயிட்டுதோ?"

வின்சன்ட் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். "காலமை ஆறு இருபதுக்கு, அண்ணை. பின்பக்கத்தாலதான்." கீழே கையெழுத்தும் இருந்தது.

இரண்டு மூன்று பேர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள்.

நல்லம்மா தாளை வாங்கிக் கடைசிவரை வாசித்தாள். "தம்பி, உந்தப் பெட்டியில பெரிசு இருந்தால் சொல்லுங்கோ. என்னையும் ரெண்டு நாள் ஒருத்தரும் தொடாமல் முப்பது பாகையில விடுங்கோ."