முசே கீயின் புத்தகத்தில் என் பெரியம்மா

என் பெரியம்மாவைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு நாவலே வந்திருக்கிறது. எங்கள் ஊர் செமின் கிரனியேயில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவள் பெயர் மட்டும் அதில் இல்லை.

எழுதியவர் முசே கீ, அதாவது கீ துரை, கரும்புத் தோட்டத்து வெள்ளைக்கார முதலாளியின் மகன். பத்து வயதில் பிரான்சுக்குக் கப்பலேறும்வரை அவரைத் தூக்கி வளர்த்தவள் பெரியம்மா. பிள்ளை வளர்க்கும் ஆயாவை எங்கள் ஊரில் நெனேன் என்போம். நாவல் முழுக்க அவள் வெறும் நெனேன்தான். 'நான், நான்' என்று கதை சொல்லிக்கொண்டு போகிறவர், நாற்பது வயதில் தீவுக்குத் திரும்பியபோது எல்லா இனத்தாரையும் சமமாகப் பார்க்கப் பழகிவிட்டதாகப் பெருமையடிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

1933-இல் அவரே காரில் வந்து புத்தகத்தைக் கொடுத்தார். பெரிய வீட்டில் விருந்து வைக்கப் போவதாகவும், பத்திரிகைக்காரர்கள் முன்னால் பெரியம்மா தன் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியதெல்லாம் உண்மை என்று சொன்னால் போதும் என்றும் சொன்னார். அதற்குப் பதிலாகச் சாலையோரத் துண்டு நிலத்தை அவள் பெயருக்கு எழுதித் தருவாராம்.

அந்தத் துண்டுக்காகப் பெரியம்மா எத்தனை வருஷம் அலைந்திருக்கிறாள்! பெரியப்பா போன பிறகு தனியாளாக நின்று வாங்கிய கரும்புக் கொல்லை அவளுடையது. அதற்கும் சாலைக்கும் நடுவே தோட்டத்தார் நிலம் குறுக்கே கிடந்தது. வண்டி போக வழியில்லாமல், வெட்டிய கரும்பையெல்லாம் சுற்றுவழியில் தலையில் சுமந்தோம்.

பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, மத்தியானங்களில் எங்கள் தீவில் எல்லாரும் பேசும் கிரியோலில் மாற்றிச் சொன்னேன். அவள் பருப்பில் கல் பொறுக்கியபடி கேட்டாள். துறைமுகத்துக் கட்டம் வந்தது. கப்பல் நகர்ந்ததும் நெனேன் கதறி அழுதாளாம். எஜமானைப் பிரிய முடியாத அந்த விசுவாசம் அவள் இனத்துக்கே உரியதாம்.

பெரியம்மாவின் கை நின்றது. மேலே படி என்றாள். கடைசிப் பக்கம்வரை கேட்டாள்.

மறுவாரம் முசே கீ பதில் கேட்க வந்தார். பெரியம்மா அவரை உட்காரச் சொன்னாள்.

"நான் அழுதது உண்மை, முசே கீ. ஆனா உங்களுக்காக அழலை. அன்னைக்கு விடியக்காலையில என் மவன் மருதை காய்ச்சல்ல செத்துட்டான். உங்களைக் கப்பலேத்திவிட்டுட்டு வீட்டுக்குப் போன்னு உங்கம்மா சொல்லிட்டாங்க."

ஏற்கெனவே வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது. கண்கூடக் கலங்கியது, இல்லையென்று சொல்லமாட்டேன். அப்புறம் மனுஷர் பேனாவைத் திறந்தார். உருக்கமான விஷயம், அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுகிறேன், மருதை என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டார்.

"மொதல்ல என் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்," என்றாள் பெரியம்மா.

தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம். அதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? கேட்கவில்லை. பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு காரில் ஏறினார். அன்றைக்குக் கப்பலேறிய அதே பத்து வயதுப் பையன்தான் போகிறான் என்று எனக்குத் தோன்றியது.

விருந்துக்குப் பெரியம்மா போகவில்லை. துண்டு நிலமும் கைவிட்டுப் போயிற்று. அந்த வருஷமும் கரும்பைத் தலையில்தான் சுமந்தோம். எனக்குக் கழுத்து ஒடிந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் அவள் பின்னால் சுமந்துகொண்டு நடப்பதில் அப்படியொரு பெருமை.

முசே கீ வந்துபோன வாரத்து வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். யார் பெயருக்கு என்று பூசாரி கேட்டார். அவள் எப்போதும் பிள்ளைகள் பெயரைத்தான் சொல்வாள். பிரான்சில் சண்டை நடந்த காலத்தில் கீ என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

அன்று, கோயில் முழுக்கக் கேட்கும்படி, "பூங்காவனம்" என்றாள்.