கண்ட்ரோல் எலிக்கு வந்த காய்ச்சல்

நான் என்ன படிக்கிறேன் என்று எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் யார் கேட்டாலும் அப்பா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்.

"எலிக்கு பிரஷர் பாக்குறான்."

கேட்டவர் சிரிப்பார். அப்பா சிரிக்க மாட்டார். ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் லோரி ஓட்டியவர் அவர். எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பல்கலைக்கழகத்தில் மருந்தியல் ஆராய்ச்சி மாணவன் என்பதை அவர் தமக்குத் தெரிந்த சொற்களில் சுருக்கியிருந்தார். யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய பிழையும் இல்லை.

எங்கள் ஆராய்ச்சி செப்டிக் ஷாக் பற்றியது. இரத்தத்தில் கிருமி பரவி உடம்பு முழுக்க அழற்சி கண்டவருக்கு இரத்தக் குழாய்கள் தளர்ந்துபோகும், அழுத்தம் விழும். குழாயை இறுக்க நோரட்ரினலின் ஏற்றுவார்கள். சில சமயம் குழாய் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே செய்யாது. அழற்சி கண்ட குழாய், தன்னைத் தானே தளர்த்திக்கொள்ளும் ஒரு வாயுவை உற்பத்தி செய்வதுதான் காரணம் என்று அப்போது உலகமெங்கும் பேச்சு. அந்த வாயுவைத் தடுக்கும் ஒரு மருந்து எங்களிடம் இருந்தது. அதைக் கொடுத்தால் குழாய் மறுபடி சொல்பேச்சு கேட்குமா? இதுதான் என் கேள்வி. குளிக்கும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் இதே நினைப்பு.

கருவி எளிமையானது. எலியின் பெருந்தமனியைச் சின்னச் சின்ன வளையங்களாக நறுக்கி, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்டுவோம். வளையம் இறுகினால் காகிதத்தில் ஒரு பேனா மேலே ஏறும். கிருமியின் நச்சைச் சேர்த்துச் சில மணி நேரம் ஊறவைத்தால் வளையம் சோர்ந்துவிடும். நோரட்ரினலினைக் கொட்டினாலும் பேனா சோம்பேறியாகப் படுத்திருக்கும். நச்சே படாத வளையம்தான் கண்ட்ரோல். அது மட்டும் கம்பீரமாக ஏறிக் காட்ட வேண்டும். அது ஏறாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

எனக்கு ஏறவில்லை.

அது தைப்பூச மாதம். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் பத்துமலைக் குகைக் கோயிலுக்குப் படியேறிப் பால்குடம் எடுக்க வைப்பதாக அம்மா வேண்டியிருந்தார். ஆகவே ஒரு வேளைச் சைவச் சாப்பாடு, வெறுந்தரையில் பாய், வலது மணிக்கட்டில் பச்சை மஞ்சள் கிழங்குத் துண்டு வைத்துக் கட்டிய காப்புக் கயிறு. விரதத்தில் உயிரைக் கொல்லக்கூடாது. எலி ஆராய்ச்சிக்காரனுக்கு இது கொஞ்சம் சங்கடமான நிபந்தனை.

என்னைக் காப்பாற்றியவள் ஆய்வகத்தில் எனக்கு மூத்த மாணவி, கிள்ளானைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். அந்த வருடம் ரமலானும் தைப்பூசமும் ஒன்றாக வந்திருந்ததால் அவளும் நோன்பில் இருந்தாள். நான் அவளை அக்கா என்பேன். விரதம் தொடங்கியதிலிருந்து அவள் என்னைச் சாமி என்றாள்.

"சாமி, நீங்க ஒதுங்கி நில்லுங்க. எலிய நான் பாத்துக்குறேன், விஷத்தையும் நான் பாத்துக்குறேன். சுத்தமான வேலை எல்லாம் உங்களுக்கு. ஓகேவா?"

அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். நச்சு வளையங்கள், அவற்றின் கரைசல் புட்டி எல்லாம் அவளுடையவை. கண்ட்ரோல் வளையங்களும் அவற்றின் புட்டியும் என்னுடையவை. புட்டியின் அடியில் குமிழி விடும் கல் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அவள் நீண்ட இடுக்கியால் எடுப்பாள். நான் கையையே விட்டு எடுப்பேன். மற்ற எதிலும் நம்பிக்கையில்லை எனக்கு. கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவேன், காப்பில் மட்டும் சோப்புப் படாமல்.

அவளுடைய நச்சு வளையங்கள் சோர்ந்தன, சரி. என்னுடைய சுத்தமான வளையங்களும் சேர்ந்து சோர்ந்தன. ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு நாளும்.

எங்கள் பேராசிரியர் யாழ்ப்பாணத் தமிழர் குடும்பத்தைச் சேர்ந்தவர். காகிதச் சுருளைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தம்பி, உம்மட சுத்தமான எலிக்கும் காய்ச்சலோ?"

"தெரியல சார். எல்லாத்தையும் புதுசா மாத்திட்டேன் சார்."

"வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருது. அவையளுக்கு முன்னால நீரே கைப்படச் செய்து காட்ட வேணும். அண்டைக்கும் கண்ட்ரோல் ஏறேல்லையெண்டா, நான் இந்தத் தலைப்பை மூடிப்போடுவன். விளங்குதோ?"

விளங்கியது. தலைப்பை மூடினால் என் ஆராய்ச்சி இடமும் போகும். அப்பாவோ செராஸ் வரை ஊரெல்லாம் என் படிப்பைச் சொல்லி வைத்திருந்தார்.

புதன்கிழமை காலை நான் புட்டிக்குள் கையை விட்டுக் கல்லைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் அக்காவின் குரல்.

"சாமி, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

"என்னக்கா?"

"தண்ணி ஏன் மஞ்சளா இருக்கு?"

பார்த்தேன். நிறமற்ற கரைசலில், என் மணிக்கட்டைச் சுற்றி, மெல்லிய மஞ்சள் புகைபோல ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. என் இரத்த அழுத்தமும் கூடவே இறங்கியது.

"அலாமாக்!" என்று பதறினாள் அக்கா. "மண்ணுல விளைஞ்ச கிழங்கு. வாரக்கணக்கா குளிச்சு, வேர்த்து, ஊறிக் கிடக்குது. அதுல எவ்வளவு கிருமி இருக்கும்? செத்த கிருமியோட தோல்தானே நம்ம விஷமே! நான் விஷத்தை போத்தல்ல வாங்கி ஊத்துறேன், நீங்க கையில கட்டிக்கிட்டு ஊத்துறீங்க!"

"இது சாமிக் கயிறு அக்கா."

"சாமிக்கு ஒண்ணும் ஆகாது. எலி தாங்குமா?"

எங்கள் ஆய்வகத்திலேயே மிகப் புனிதமான புட்டியை, மிகப் புனிதமான கையால், நானே ஒவ்வொரு நாளும் அசுத்தப்படுத்தி வந்திருக்கிறேன். வருத்தப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் இருவருக்கும் பசி, இருவருக்கும் தலை லேசாக இருந்தது. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். நான் கையை வெளியே எடுக்க மறந்து, புட்டிக்குள் விட்டபடியே சிரித்தேன்.

ஆனாலும் ஊகம் போதாது. ஒரே எலியின் வளையங்களை இரண்டாகப் பிரித்தோம். ஒன்றுக்கு அக்கா இடுக்கியால் தொட்ட கரைசல். மற்றதற்கு, ஒரு பீக்கரில் நான் காப்போடு கையை முக்கி எடுத்த கரைசல். மாலை வரை காத்திருந்துவிட்டு இரண்டுக்கும் நோரட்ரினலின் கொடுத்தோம். அவள் பேனா விர்ரென்று ஏறியது. என் பேனா படுத்தே கிடந்தது. தோற்றதற்காக நான் கைதட்டியது வாழ்க்கையில் அன்றுதான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"கயிறுதானே. வெட்டிப் போட்டுட்டு அப்புறமா கட்டிக்கட்டும்" என்றார் அப்பா.

அம்மா கரண்டியோடு திரும்பினார். "வெட்டுறதா? தைப்பூசம் முடியாம? வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

"கொஞ்சம் மேல நகத்திக்கவா, ம்மா?"

"மேலயும் கூடாது, கீழயும் கூடாது. இந்தப் படிப்பு கிடைக்கத்தானே கட்டுனது? படிப்புக்கே எடைஞ்சலா வந்தா நீதான் ஏதாச்சும் வழி பண்ணணும். இத்தன வருஷம் படிச்சியே லா."

மறுநாள் இதை அப்படியே அக்காவிடம் ஒப்பித்தேன். இடுக்கியும் இடது கையும் எனக்குச் சரிவரவில்லை, கல் நழுவி நழுவி விழுந்தது. சாதாரணக் கையுறை மணிக்கட்டோடு நின்றுவிடும். மஞ்சள் துண்டில் முட்டி, கையுறையின் விளிம்பு சுருண்டு கழன்றுகொள்ளும். அவள் மாட்டு டாக்டருக்குப் படிக்கும் தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் தோள்பட்டை வரை வரும் ஒரு கையுறை.

"இது எதுக்குப் போடுறதுக்கா?"

"மாட்டுக்குக் கன்னு எந்தப் பக்கம் இருக்குன்னு உள்ள கைய விட்டுப் பாப்பாங்களாம். புதுசுதான் சாமி, பயப்படாதீங்க."

கல்யாண மாப்பிள்ளைபோல் கையை நீட்டி நின்றேன். அவள் மாட்டிவிட்டு, மேல்புறம் பசைநாடா சுற்றி, விரல்களுக்கு மேல் ஒரு சாதாரணக் கையுறையையும் போட்டாள். அந்தக் கோலத்தில் குழுவை வரவேற்றேன். வந்தவர்களில் ஒருவர் கைகுலுக்க நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார்.

பேராசிரியர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "தம்பி, நாங்கள் எலியைத்தானே வெட்டினனாங்கள்?"

"ஆமா சார். விரதம் சார்."

அவர் என் காப்பு இருந்த இடத்தைப் பார்த்தார், கரைசலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "செய்யும், செய்யும்" என்றார்.

வளையங்கள் காலையிலிருந்தே ஊறிக்கொண்டிருந்தன. கண்ட்ரோலுக்கு முதல் துளி நோரட்ரினலின். அந்தக் கையுறைக்குள் கை வியர்த்து வழிந்தது. பேனா ஒருமுறை நடுங்கியது. பிறகு ஏறியது. இன்னொரு துளி, இன்னும் ஏறியது. துளிக்குத் துளி நின்று நின்று மேலே போனது. கடைசியில் மேல் விளிம்பில் முட்டி 'டக்' என்றது. அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

அடுத்து நச்சு வளையம். பேனா அசையவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். எங்கள் மருந்தைச் சேர்த்துக் காத்திருந்தோம். மறுபடி நோரட்ரினலின். தூங்கியவனைத் தட்டி எழுப்பியதுபோல் பேனா தலையைத் தூக்கியது. கண்ட்ரோல் அளவுக்கு இல்லை. ஆனால் ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

"சார், கேக்குது சார்! குழாய் பேச்சு கேக்குது சார்!" என்று ஆரஞ்சுக் கையைத் தூக்கிக் கத்தினேன். கண்ணியமான வாக்கியம் ஒன்றை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது எங்கே போனதோ.

கைகுலுக்காமல் தப்பியவர் இப்போது தாமாகவே வந்து அந்த மாட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேராசிரியர் காகிதத்தைக் கிழித்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை என் சட்டைப் பையில் செருகினார். "தலைப்பு மூடேல்லை" என்றார், அவ்வளவுதான். நோன்பு திறக்கும் நேரம் வந்ததும் அக்கா எனக்கு ஒரு பேரீச்சம்பழம் தந்தாள். என் ஒரு வேளை மதியமே முடிந்திருந்தது. பழத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அவள் தின்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் காகிதத்தை விரித்தேன். கண்ட்ரோல் பேனா நின்று நின்று ஏறிய கோட்டின்மேல் அம்மா விரல் வைத்து நடத்தினார்.

"இது என்னடா, பத்துமலைப் படி மாதிரி இருக்கு?"

அப்பாவுக்குப் படியெல்லாம் முக்கியமில்லை. "பிரஷர் ஏறுச்சா இல்லியா, அத சொல்லு."

"ஏறிடுச்சுப்பா."

அவர் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கைலியை மடித்துக் கட்டியபடி, ஃபிளாட்டின் நடைபாதைக்கு ஓடினார். பக்கத்து வீட்டுக் கதவு ஒவ்வொன்றாகத் தட்டப்படும் ஓசை கேட்டது.

"அண்ணே! எலிக்கு பிரஷர் ஏறிடுச்சுண்ணே!"